நெட்டை வண்டியை எடுத்தவன் நான்

நேற்றிலிருந்து உன் மோட்டார் சைக்கிள் என் கிடங்கில் நிற்கிறது. புதுச் சேலைகளின் கஞ்சி வாடையை மீறிக்கொண்டு பெட்ரோலும் பழைய தோல் சீட்டும் மணக்கின்றன. நீ கண்ணை மூடி மூன்று மாதம். வண்டியைக் கேட்டு உன் வீட்டுக்கு முதல் ஆளாகப் போனவன் நான்தான். பத்து வருஷமாக அதன் மேல் எனக்குக் கண்.

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் நெய்த சேலையை முதுகில் சுமந்து நாமக்கல் வரை ஊர் ஊராக விற்றவர்கள் நாம். இருவர் மூட்டையும் ஒரே கனம். என் இடுப்புதான் விட்டுப்போனது. நீ மட்டும் நிமிர்ந்தே நடந்தாய். என்னைவிட உனக்கு வியாபாரமும் கூட, சிரிப்பும் கூட. ஆனால் உன் முதுகைப் பார்த்துத்தான் நான் அதிகம் வயிறெரிந்தேன்.

பிறகு மாட்டு வண்டியில் போனோம். அந்தக் குலுக்கலும் எனக்கு இனி ஆகாது என்று வைத்தியர் சொன்ன சமயம், ஏற்காட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்புவதாகவும், இரண்டு மோட்டார் சைக்கிள்களை விற்பதாகவும் கேள்விப்பட்டோம். சேர்ந்தே மலையேறினோம். ஒன்று நெட்டை, கறுப்பு மினுமினுப்பு, தாழ்ந்த ஹேண்டில், காங்கேயம் காளையின் தோரணை. மற்றது குட்டை, அகலமான சீட்டு, அதற்கடியில் தடித்த ஸ்பிரிங், பருத்த டயர், மேலெழும்பிய ஹேண்டில்.

நீ இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தாய். "மாப்ள, நெட்டை உனக்கு ஆவாது. குட்டைய எடுத்துக்க. உக்காந்தா ரெண்டு காலும் தரையில பதியோணும். குனியாம கை ஹேண்டில எட்டோணும். குழியில உளுந்தா ஸ்பிரிங்குதான் அமுங்கோணும், நீ அமுங்கப்படாது."

மாட்டுச் சந்தைக்குக் கூட வருகிறவன் ஒரு காளையைக் குறை சொன்னால், அதன் மேல் அவனே கண் வைத்துவிட்டான் என்று நினைப்பதுதான் நமக்குப் பழக்கம். எனக்கும் அதுதான் தோன்றியது.

"குட்டைய நீயே ஓட்டு. எனக்கு நெட்டைதான்."

"அட, உன்ற இடுப்புக்குச் சொல்றேன்யா!"

"என்ற இடுப்பு எனக்குத் தெரியாதா?"

துரை இதைப் பார்த்துக்கொண்டே நெட்டைக்கு விலையை ஏற்றினார். அதற்கும் தலையாட்டினேன். குட்டை உனக்கு வந்தது.

மலை இறங்குவதற்குள் புத்தி வந்துவிட்டது, வாய் திறக்கவில்லை. வில்லாக வளைந்து அந்த வண்டியின் மேல் தொங்கிக்கொண்டு, சேலை வாங்கத் தறிக்காரர்களின் ஊர்களுக்குப் போனேன். இறங்கினால் நிமிரவே கால் மணி ஆகும். அதற்குள் நீ நாற்காலியில் உட்கார்ந்தவன் மாதிரி வந்து, நல்ல கரை போட்ட சேலைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுவாய். ஒரு நாள் ராசிபுரம் பாதையில் வண்டியை நிறுத்தி, "மாத்திக்கலாமா மாப்ள?" என்று கேட்டாய்.

"ஏன், உன்ற குட்டை மக்கர் பண்ணுதா?" என்றேன். நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய். அந்தச் சிரிப்பும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நேற்று உன் மனைவி சாவியை எடுத்துக் கொடுத்தார். "கொண்டு போங்கண்ணா. அவுருக்கும் அந்தச் சீட்டு ஒண்ணுதான் தோதா இருந்துச்சு. காத்தால இடுப்புக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுத்துத்தான் ஆளை நிமித்துவேன்."

"எப்பவிருந்தும்மா இந்த வலி?"

"வண்டி வாங்கறதுக்கு முந்தியே இருந்துச்சுங்க. வெளிய சொல்லப்படாதுன்னுட்டாரு. இடுப்பு போனவன்னு தெரிஞ்சா தறிக்காரங்க சரக்கு தர யோசிப்பாங்கன்னு."

உனக்கு வேண்டியதைத்தான் முதலில் என்னிடம் நீட்டியிருக்கிறாய். உன் இடத்தில் வேறு யார் இருந்தாலும், "எனக்கும் வலி" என்று முந்திக்கொண்டு குட்டையைப் பிடித்திருப்பார்கள். நான் கட்டாயம் பிடித்திருப்பேன். முதுகு, வியாபாரம், வண்டி எல்லாவற்றிலும் உன்னைப் பார்த்துப் புழுங்கிய எனக்கு, கடைசியில் புழுங்குவதற்கு உன் நல்ல மனசும் வந்து சேர்ந்தது.

இன்று தம்மம்பட்டி வியாபாரி ஒருவர் இடுப்பில் கை வைத்தபடி கிடங்குக்கு வந்தார். மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறாராம், எதைப் பார்த்து எடுப்பது என்று கேட்டார். கால் பதிவது, கை எட்டுவது, ஸ்பிரிங் அமுங்குவது எல்லாம் சொன்னேன்.

"இதெல்லாம் யாருங்க சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"நானே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுங்க."

உன் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவரும் உன்னையே மெச்சுவார். அதை நின்று கேட்கும் மனசு எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் நீ சொன்னதில் ஒரு வார்த்தையையும் நான் மாற்றவில்லை.