அப்பா சுரண்டிய பாலம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், உன் இருமல் விட்டதா என்பதைப் பதிலின் முதல் வரியிலேயே எழுது, கடைசியில் எழுதினால் அதுவரை படபடப்பாக இருக்கிறது. ஆற்றின் மேலுள்ள பழைய இரும்புப் பாலத்தை இடிக்கப்போவதாகப் போன முறை எழுதியிருந்தேன் அல்லவா, இடிக்கவில்லை. அது நடந்த விதம்தான் கூத்து. உறுதியாக இருந்தால் விட்டுவைக்கலாம், நேரில் வந்து பார்க்கிறேன் என்று என்ஜினீயர் அம்மாள் சொல்லியனுப்ப, உன் அப்பாவும் கூட்டாளிகளும் விருந்தாளிக்கு வீட்டை வெள்ளையடிப்பது போலப் பாலம் முழுக்கப் பச்சை பெயின்ட்டை அப்பிவிட்டார்கள். ஓர் ஆணிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் சுற்றிப் பார்த்துவிட்டு, அழகாத்தான் இருக்கு, ஆனா நான் பாக்க வந்தது இரும்பை, இணைப்பையெல்லாம் சுரண்டி வைங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் சிரித்த சிரிப்பில் உன் அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

பிறகு எல்லாரும் உட்கார்ந்து சுரண்டினார்கள். நம் ஒர்க்‌ஷாப் பக்கத்து முனை அப்பாவின் பங்கு. அங்கே சாய்வுச் சட்டம் கீழ்ச் சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு விரிசல். வேறு யாரும் பார்க்கவில்லை, பெயின்ட் டப்பாவும் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. டிராக்டரும் லாரியும் அந்தப் பாலத்தில் வந்தால்தான் நமக்குப் பிழைப்பு என்பது உனக்குத் தெரியும். மனிதர் என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த அம்மாளைப் போன் போட்டு வரவழைத்துக் காட்டிவிட்டார். பழுதுபார்த்துப் பாலத்தைக் காப்பாற்றலாம், ஆனால் இனி ஆள் நடக்க மட்டும்தான் என்று முடிவாகி, இரண்டு முனையிலும் கல் நட்டுவிட்டார்கள். பாலம் பிழைத்தது என்று ஊரே கைதட்டியது. சுற்றுவழியில் போகிற வண்டிக்காரர்கள் அங்கேயே வேறு ஒர்க்‌ஷாப் பார்த்துக்கொள்கிறார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, பாத்ததைப் பாக்கலன்னு எப்படிச் சொல்றது என்றார், அதோடு சரி. எனக்குக் கோபம்தான், ஆனால் அவர் செய்தது தப்பென்று சொல்லவும் வாய் வரவில்லை. காலையில் போய்த் திறக்கிறார், ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்குகிறார், உட்கார்ந்திருக்கிறார். பட்டறையைச் சுற்றுவழிப் பக்கம் மாற்றுங்கள் என்று உன் மாமா சொல்கிறான், காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. நீயும் ஒரு வார்த்தை எழுது, நீ சொன்னால் கேட்பார்.

எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்கவேண்டும். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஊருக்கு வரும்போது பெட்டியைக் கனமாகக் கட்டாதே, டாக்ஸிக்காரர்கள் சுற்றுவழியில் வர ஒப்புவதில்லை, அக்கரையோடு நின்றுவிடுவார்கள். அப்பா தள்ளுவண்டியோடு வந்து நிற்பார். அதன் சக்கரத்தைக் கழற்றி எண்ணெய் போட்டு இப்போதே தயாராக வைத்திருக்கிறார். இந்த வாரம் அவர் கைக்கு வந்த வண்டி அது ஒன்றுதான்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா