பச்சையும் அரக்குமாய் ஒரு பூச்சி

அக்கா,

காலையில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். காம்பு கசங்கி எழுந்த வாசனையில் கை அப்படியே நின்றுவிட்டது. தாராவியின் இந்த ஒற்றை அறைக்குள், நான் பார்த்தே இராத ஓர் அமெரிக்க வீட்டு ஜன்னல் வந்து நின்றது. அதன் கண்ணாடியில் உன் பூச்சி.

செம்பூரில் நீ வேலை பார்த்த வீட்டார், அமெரிக்காவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்கு உன்னையும் கூட்டிப்போனார்கள். ஆறு மாதம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து நீ அனுப்பிய முதல் போட்டோவில் காரும் இல்லை, மாடி வீடும் இல்லை. நகத்தளவு ஒரு பூச்சி! அகன்ற தோள், கீழே குறுகிய உடம்பு. முன்பாதி இளம்பச்சை, பின்பாதி அரக்கு.

"ஏட்டி, கல்யாணச் சேல மாதிரி இருக்குல்லா? தொட்டேன், சவம், கொத்தமல்லியக் கசக்குன மாதிரி ஒரே நாத்தம். இந்த ஊருலயே பொறந்து வளந்த பூச்சியாம். நாந்தாம்ட்டி அசலூரு" என்று வாய்ஸ் மெசேஜில் சிரித்தாய்.

பிறகு தினமும் பூச்சி புராணம்தான். குளிர் தொடங்கியதும் அது ஜன்னலோரம் வந்து ஒண்டிக்கொண்டது. "வெளிய விட்டாலும் வீட்டுக்குள்ளதான் வரப் பாக்குது, பாத்துக்க" என்றாய். நான் சிரிக்கிற பொம்மையை அனுப்பினேன். குழாயடியில் எல்லாரிடமும் உன் போட்டோக்களைக் காட்டினேன். அக்கா அமெரிக்காவில் இருக்கிறாள் என்ற பவுசு எனக்கு. மடச்சி நான்.

திரும்பி வந்தபோது நீ பாதி ஆளாய் இருந்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் தலையை வாரிக்கொண்டே, அந்தப் பூச்சியைப் பற்றிக் கேலியாகக் கேட்டேன். நீ சிரிக்கவில்லை.

"நெஞ்சு வலிக்குன்னு வாய்விட்டுச் சொல்ல பயமா இருந்துச்சு. பூச்சியப் பத்தியே பேசுனா, 'போதும், வந்துரு அக்கா'ன்னு நீயாச் சொல்லுவன்னு பாத்தேன்ட்டி."

சீப்பில் சிக்கிய முடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே போய்விட்டாய்.

இப்போதும் ரயில் வாஷி பாலத்தைக் கடக்கும்போது கண் சொக்கினால் அந்த ஜன்னல் வருகிறது. பூச்சி மெல்ல மெல்லக் கண்ணாடியில் ஏறுகிறது. பக்கத்தில் நீ. உள்ளேயிருந்து பார்க்கிறாயா, வெளியேயிருந்தா என்று தெரிவதில்லை. கூப்பிடுகிறேன், குரல் வருவதில்லை.

நேற்று கல்யாண் ஹாஸ்டலிலிருந்து என் மகள் பேசினாள். அறைச் சுவரில் ஒரு பல்லியாம். அதன் அறுந்த வால், அது கத்துகிற நேரம், விளக்குக்குப் பின்னால் அது ஒளிவது... பத்து நிமிடமும் பல்லிதான்.

"கெளம்பி வா" என்றேன்.

"அரே அம்மா, பல்லியப் பத்திதான சொன்னேன்?"

"தெரியும். வா."

அவள் அழுவது கேட்டது, அக்கா.