ஜோர்ஜின் நாமத் திருநாள்

ஏப்ரல் 23, இரவு. கோலியர்ஸ் வுட், இங்கிலாந்து.

அருவருப்பாக இருக்கிறது, அதுவும் பெற்ற மகனை நினைத்து.

இன்று இந்த நாட்டின் பாதுகாவலரான புனித ஜோர்ஜியார் திருநாள். மகனுக்கும் அந்தப் பெயர்தான் என்பதால் கோயில் ஹோலில் நடந்த விருந்துக்கு நானே மீன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். அவன் இங்கிலாந்தின் சிவப்புச் சிலுவைக் கொடியைத் தோளில் போர்த்துக்கொண்டு வாசலில் நின்றான். அண்மையில் இங்கே வந்து சேர்ந்த பலஸ்தீனப் பெண் ஒருத்தி பிள்ளையோடு வந்தாள். இது இங்கிலாந்துக்காரரின் பெருநாள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான்.

“புனிதரின்ர தாயும் பலஸ்தீனத்துப் பொம்பிளைதான். அவர் இங்கிலாந்தைக் கண்ணாலயும் காணேல்லை,” என்றேன்.

“உங்கட கொன்வென்ட் படிப்பை ஆக்களுக்கு முன்னால காட்டாதேங்கோ அம்மா.”

“நீயும் அகதியாத்தானே வந்தனி?”

“அது வேற,” என்று சிரித்தான்.

ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை அவள் பின்னால் போனேன். பிள்ளை பசியோடு தின்றது.

வீட்டுக்கு வந்ததும் மகன் ஒவ்வொரு நாமத் திருநாளிலும் செய்வதுபோல என் முன்னால் முழந்தாளிட்டான். நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிப்பேன் என்று காத்திருந்தான். எனக்குக் கை எழும்பவில்லை.

“அம்மா, கால் நோகுது.”

நோகட்டும் என்று விட்டுவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.