அனுசன் போட்ட லினக்ஸ்

அனுசனின் அப்பாவுக்கு,

நீங்களும் மகள் யூலியட்டும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். உங்கள் முழங்கால் நோ எப்படி? குவைத்தில் எனக்கு ஒரு குறையுமில்லை. போன கிழமை நீங்கள் போனில் கதைத்தபோது உடுப்பு அயன் பண்ணிக்கொண்டு நின்றதில் கையில் கொஞ்சம் சுட்டுவிட்டது. இப்போது காய்ந்துவிட்டது, யோசிக்க வேண்டாம்.

யூலியட்டின் படிப்புக்கு விண்டோஸ்தான் வேணுமென்று யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் சொன்னாராம். பாஸ்வேர்ட் தெரியாததால், அனுசன் விண்டோஸுக்குப் பதிலாகத் தன் லப்டொப்பில் போட்ட லினக்ஸை அவனுடைய படங்களோடு அழிக்கப்போவதாகச் சொன்னீர்கள்.

அவன் அதைப் போட்ட அன்றே, "ஊருக்கெல்லாம் ஒண்டு, உனக்கு மட்டும் வேறையோ? பெரிய விஞ்ஞானி!" என்று ஏசினீர்கள். "பழைய லப்டொப் அம்மா, விண்டோஸ் போட்டால் இழுபடும். இது சும்மா கிடைக்குது, நல்லாய் ஓடுது" என்று எனக்குத்தான் சொன்னான். நான் எட்டாம் வகுப்புவரைதான் படித்தேன். எது திறமென்று தெரியாது. ஆனால் அவன் கடைசியாய்க் கடலுக்குப் போன நாள்வரை அது ஓடியது. யூலியட்டுக்கு எழுதவும் வகுப்புப் பார்க்கவும் அதுவே காணும்.

அவனுடைய செத்தவீட்டுக்கு வர, நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா என்னை விடவில்லை. உயிரோடு இருந்தவனின் சொல்லை நீங்கள் கேட்கவில்லை. இப்போதாவது அவனுடைய லப்டொப்பில் கை வைக்காதீர்கள்.

பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். நீங்கள் அவனிடம் கேட்டதேயில்லை.

என்னோடு வேலை செய்யும் சிவரூபி நாளை ஊருக்கு வருகிறாள், இதை அவளிடம் கொடுக்கிறேன். அவள் திரும்பும்போது கூழ் காய்ச்சக் கொஞ்சம் ஒடியல்மா கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கார அம்மா கூப்பிடுகிறா. ஞாயிறு யூலியட்டை எனக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள், பாஸ்வேர்டை அவளுக்குச் சொல்லுவேன். படங்கள் திறக்கும்வரை போனை வைக்க வேண்டாமென்று சொல்லுங்கள்.

றெஜினா