கட்டில்லாத கட்டுவிரியன்

தலைச்சோலை பஸ் நிறுத்தத்தில் இன்று உனக்கு இரண்டாம் ஆண்டு நினைவு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். கழுத்தில் சாரைப்பாம்பைப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு சிரிக்கிறாய். கீழே கொட்டை எழுத்தில் 'பாம்புகளின் பேராசிரியரே!' என்று போட்டிருக்கிறது. பஸ் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேராசிரியராம்! உனக்குப் பாம்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் நிறம் மட்டும்தான். செத்தவனை இப்படிப் பேசலாமா என்று கேட்காதே. மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பிறகு ஒரே எஸ்டேட்டில் நீ ஜீப் டிரைவர், நான் ஆள் வருகை எழுதும் ரைட்டர். உன்னைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது.

மிளகுக் கொடியில் தொங்கிய அந்தப் பழுப்புப் பாம்பு நினைவிருக்கிறதா? விரியன் என்று சொல்லி ஒரே அடியில் கொன்றாய். குனிந்து பார்த்தேன். சாட்டை மாதிரி உடம்பு, ஊசியாக நீண்ட மூக்கு.

"இது பச்சைப் பாம்புடா. சிலது இப்படிப் பழுப்பாவும் இருக்கும்."

"பச்சைப் பாம்புன்னா பச்சையா இருக்கோணும்டா!" என்றாய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உனக்கு அது போதும்.

மாரமங்கலத்திலிருந்து, குப்பனூரிலிருந்து என்று உன் போனுக்குப் பாம்புப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. நிறத்தை மட்டும் பார்த்து, இன்ன பாம்பு என்று அரை நிமிஷத்தில் பதில் போடுவாய். நல்லபாம்பு கோதுமை நிறத்திலும் இருக்கும், கறுப்பாகவும் இருக்கும்; சட்டை உரிக்கும் முன் எந்தப் பாம்பும் மங்கித் தெரியும் என்று நான் சொன்னால், "ரைட்டரு நோட்டைப் பார்த்தாப் போதும்" என்பாய்.

அப்புறம் அந்தக் காலை. காப்பிக் குடோனில் சாக்குகளை நகர்த்தியபோது, மினுமினுவென்று கரிக்கறுப்பாய் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. பகலில் அசைய மனமில்லாமல் தலையை உடம்புக்குள் ஒளித்துக்கொண்டது. விஷமில்லாதது என்று சொல்லி நீ கையில் எடுத்தாய். நாலைந்து போன்கள் உன்னை நோக்கி உயர்ந்தன.

நான் கிட்டே வந்து பார்த்தேன். நடுமுதுகு நெடுகச் செதில்கள் அறுகோணமாக, பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக ஓடின.

"கீழ போடுடா. கட்டுவிரியன் அது. முதுகுச் செதிலைப் பாரு."

"கட்டு எங்கடா இருக்குது? ஒரு வெள்ளைக் கோடு காட்டு பார்ப்போம். ரைட்டருக்கு நொம்பப் பயமுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். கட்டுவிரியன் சிலதுக்குக் கட்டே தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. 'எக்கேடாவது கெட்டுப் போ' என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பினேன். உன்மேல் எனக்கு இருந்த இளக்காரம் என்னை அங்கிருந்து நடத்திக்கொண்டு போய்விட்டது.

அது உன்னைக் கடித்ததை மதியம்தான் சொன்னார்கள். "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லைங்க" என்று சொல்லி, அந்தக் கையாலேயே டீ குடித்தாயாம். நான் ஓடி வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜீப் சக்கரத்தோரம் உட்கார்ந்திருந்தாய். இமைகள் பாதி மூடியிருந்தன. பேச்சு குழறியது. லோடு லாரி டிரைவர்தான் ஜீப்பை எடுத்தார். சேலத்துக்கு இறங்கும் குப்பனூர் ரோட்டில், என் மடியில் தலை வைத்திருந்த உனக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது. "நீ சொன்னது..." என்றாய். மீதி வரவில்லை. மலை அடிவாரம் வரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நீ மடையன். இன்றும் அதையே சொல்கிறேன்.

போன மாதம் காப்பி பறித்துக்கொண்டிருந்த மேரியக்காவை ஒரு சின்னப் பாம்பு கடித்துவிட்டது. "பழுப்புச் சாரைக்குட்டிதானுங்க, விஷமில்லை" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் பாம்பைத் தேடவே இல்லை. அக்காவை ஜீப்பில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

"ஏனுங்க ரைட்டரே, ஒரு சாரைக்குட்டிக்கா என்னைச் சேலம் வரைக்கும் இழுத்தீங்க?" என்று அக்கா கேட்டதும் எஸ்டேட்டே சிரித்தது.

"ஆமாங்க" என்றேன். அந்தச் சிரிப்பு எனக்குத் துளியும் உறைக்கவில்லை. அன்று குடோனில் அதே சிரிப்பு உறைத்து, சொல்லாமல் திரும்பினேனே, அதைத்தான் இன்னும் சுமக்கிறேன்.