முந்திச் சொன்ன ஆமென்

1933 ஆகஸ்டு 12, சனி இரவு.

காலைப் பலகாரத்துக்கு, மிஷன் பங்களா துரைசானி சொல்லித்தந்த முட்டையப்பம் செய்தேன். முட்டை, பால், கோதுமை மாவு கலந்து, நெய் காய்ந்த சட்டியில் ஊற்றி மூடினேன். அடியில் போட்டதுபோல் மூடியின் மேலும் தேங்காய்ச் சிரட்டைக் கனல் போட்டேன். திறந்தபோது தலையணைபோல் உப்பியிருந்தது. ஆறினால் அமுங்கிவிடும் என்று ஓட்டமாய் மேசைக்குக் கொண்டுபோனேன்.

மாமனார் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். வீட்டில் ஒவ்வொருவர் பேராய்ச் சொல்லி ஜெபிப்பார். கொழும்பில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் பேர் எப்போதும் கடைசி. நான் கண்ணை மூடாமல் அப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரம் இறங்கத் தொடங்கியது. மாமனார் மூச்சு வாங்க நிறுத்தினார். நான் உரக்க "ஆமென்" என்றேன். பழக்கத்தில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

"மயினி, அண்ணனுக்க பேரு வரதுக்கு முந்தி முடிச்சுப்போட்டியளே," என்றாள் நாத்தனார் எஸ்தர்.

"போகட்டும் மக்கா, ஆறதுக்கு முன்ன தின்னுங்க," என்றார் மாமனார். அதற்குள் அப்பம் தட்டையாகிவிட்டது.

ஜெபம் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். அதுதான் உறுத்துகிறது. கொழும்பிலிருந்து அவர் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. இன்றும் தபால்காரர் நம் வாசலில் நிற்காமல் போய்விட்டார்.

இரவு ஜெபத்தில் மாமனார் அவர் பேரைத்தான் முதலில் சொன்னார். எல்லோர் பேரும் முடிந்தபின் இன்னொரு முறையும் சொன்னார். பிறகு நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு ஆமென் சொல்ல நா எழவில்லை.