லொக்கோட்டோவுக்குப் பிடிக்காத மாப்பிள்ளை

பிப்ரவரி 3, வியாழன்

கண்ணாடிக்காரன் இன்றும் வந்தான். எவாரிஸ்தோ கிளாவுரே. ஆள் பாதி, வாசனைத் தைலம் பாதி. என் தங்கை ஜூல்மாவுக்கு மூக்குக் கண்ணாடி செய்து கொடுத்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை வந்து நிற்கிறான்.

"கண்ணாடி சரியா உக்காந்திருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்கிறான். ஒரு கண்ணாடி எத்தனை தடவைதான் உட்காரும்?

வாசல் கம்பிக்கதவருகே நின்று கைக்குட்டையை எடுப்பான். குனிந்து, முதலில் இடது ஷூ, பிறகு வலது ஷூ, இரண்டையும் துடைப்பான். மந்திரி வீட்டுக்கு வந்ததுபோல. அதற்குள் லொக்கோட்டோ கழுத்து மயிர் சிலிர்க்க உறுமத் தொடங்கிவிட்டது. காரமான மிளகாயின் பெயரை வைத்திருக்கிறோமே தவிர அது எறும்புக்கும் வழிவிடுகிற நாய். சந்தையில் ஜூல்மாவின் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்ட தெருநாய். இதுவரை எவரையும் பார்த்து உறுமியதில்லை.

நான் நீதிமன்றத்தில் முப்பது வருடம் வாக்குமூலம் தட்டச்சு செய்தவள். எத்தனையோ நீதிபதிகள் ஏமாந்திருக்கிறார்கள், நான் ஏமாந்ததில்லை. பொய்யன் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். லொக்கோட்டோவும் அப்படித்தான் போலிருக்கிறது. இந்த வீட்டில் மூளை உள்ளவர்கள் நானும் அதுவும்தான்.

பிப்ரவரி 4, வெள்ளி

மாதத்தின் முதல் வெள்ளி. பக்கத்து வீட்டு காஸ்டா கரிச்சட்டியோடு வந்து முற்றத்தில் உட்கார்ந்தாள். சாம்பிராணி, சர்க்கரைப் பொம்மைகள், வண்ணக் கம்பளிநூல், எல்லாம் போட்டுப் பூமித்தாய்க்குப் புகை மூட்டினாள். ஜூல்மா சிச்சா ஊற்றிக் கொடுத்தாள். கண்ணாடிக்காரனையும் கூப்பிட்டிருந்தாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

அந்தச் சோளக் கள்ளைக் குடிக்கும் முன் பூமித்தாய்க்குக் கொஞ்சம் ஊற்ற வேண்டும். எல்லோரும் நின்றபடியே சுரைக்குடுவையைச் சாய்த்து ஊற்றுகிறோம். தெறித்தால் தெறிக்கட்டும். இந்த மகானுபாவனுக்கு அது போதாது. தரையில் தெறிக்கக் கூடாதாம், ஜூல்மாவின் பாவாடை நனையக் கூடாதாம். இடுப்பை மடித்துக் குனிந்து, மண்ணின் காதில் ரகசியம் சொல்வதுபோல் ஊற்றினான்.

லொக்கோட்டோ பாய்ந்து அவன் கால்சட்டை விளிம்பைக் கிழித்துவிட்டது.

காஸ்டாவின் முகம் கரிச்சட்டியைவிடக் கறுத்தது. "பாத்தியா ஜூல்மா, சரியா ஊத்தற நேரத்துல பாயுது. பூமித்தாய் இவன் கையால வாங்கிக்க மாட்டேங்கறா. நாய்க்கு அது கேக்கும், நமக்குக் கேக்காது."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மண் மண்தான். ஆனால் மறுத்துப் பேசவும் தோன்றவில்லை.

பிப்ரவரி 7, திங்கள்

வீட்டின் முன்னறையில் ஜூல்மா காலையில் கறிக்குழம்பு அடைத்துச் சுட்ட சால்தேன்யா விற்கிறாள். குழம்பு முழங்கை வரை வழிய அதைத் தின்றுகொண்டே ஊரே இன்று நாயைப் பற்றி ஆராய்ச்சி செய்தது. தைல வாசனை ஆகவில்லை என்றது ஒரு கூட்டம். தொப்பிதான் காரணம் என்றாள் மருந்துக்கடைக்காரி. செத்துப்போன அவன் மனைவி அவனுக்குப் பின்னாலேயே நிற்கிறாள், நாய் அவளைப் பார்த்துத்தான் உறுமுகிறது என்று காஸ்டா. அந்த மனைவிக்கு வேறு வேலையில்லையா? உயிரோடு இருந்தபோது பட்டது போதாதென்று செத்த பிறகும் இவன் பின்னால் நிற்பாளா?

முட்டாள்கள். நாய்க்கு மனிதனைத் தெரியும். அவ்வளவுதான். இதற்கு ஆவி எதற்கு, தொப்பி எதற்கு?

பிப்ரவரி 12, சனி

இன்று அவன் வரவில்லை. நாயும் நானும் நிம்மதியாக இருந்தோம்.

பிப்ரவரி 18, வெள்ளி

ஜூல்மா மாவு பிசைந்துகொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டுட்டாருக்கா."

"என்னத்த?"

"என்னத்தன்னு உனக்குத் தெரியாதாக்கும்."

ஐம்பத்தோரு வயதில் கல்யாணம். சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் அக்காவைத் தனியா விட்டுட்டு வரமாட்டேன்னு சொன்னேன். சரி, நான் அங்க வந்து இருந்துக்கறேங்கறார். சகாபாவுல இருக்கற அவர் வீட்டை வாடகைக்கு விட்டுடலாமாம். ஆனா லொக்கோட்டோ இப்படிப் பாய்ஞ்சா ஒரே வீட்டுல எப்படிக்கா இருக்கறது? காஸ்டாம்மா கார்னிவல் செவ்வாய் வரைக்கும் பாருன்னு சொல்றாங்க. அன்னைக்கு அவர் ஊத்தறப்ப லொக்கோட்டோ சும்மா இருந்தா பூமித்தாய் சரின்னுட்டான்னு அர்த்தமாம். இல்லேன்னா வேண்டாம்கறாங்க."

"அதையெல்லாம் நீ நம்பறியா?"

"நம்பறேன்னு இல்ல. ஆனா யாரையும் ஒண்ணும் பண்ணாத நாய்க்கா இது. ஏதாவது இருக்கும்ல?"

"இருக்கும்" என்றேன்.

இந்த வீட்டில் அவன் வாசனை. என் நாற்காலியில் அவன் கோட்டு. காலையில் எழுந்தால் குளியலறையில் அவன் கொப்பளிக்கும் சத்தம். 'அக்கா, அக்கா' என்று கூப்பிடுவான். இவன் எப்போது எனக்குத் தம்பியாகப் பிறந்தான்?

இதையெல்லாம் சகித்துக்கொள்வேன் என்று நினைக்கிறார்களா?

பிப்ரவரி 25, வெள்ளி

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். இங்கே என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்?

துணி காயப்போடும்போது ஒரு கிளிப் விழுந்தது. வழக்கமாக ஜூல்மாவைக் கூப்பிடுவேன். என் முதுகுக்குக் குனிவது ஆகாது. அவளும் குனிய மாட்டாள், குடலிறக்கத்துக்கு அறுவை செய்த பிறகு எல்லாவற்றுக்கும் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்வாள். இன்று அவள் கடையில் இருந்தாள். நானே குனிந்தேன்.

லொக்கோட்டோ ஒரு துள்ளலில் பின்னால் போனது. காதுகள் ஒட்டிக்கொண்டன. பல் தெரிந்தது. என்னைப் பார்த்து, தினமும் எலும்பு போடுகிற என்னைப் பார்த்து, அதே உறுமல்.

நிமிர்ந்தேன். வாலாட்டிக்கொண்டு வந்தது. மறுபடி குனிந்தேன். மறுபடி பல்.

கல். குனிகிறவன் கல் எடுக்கிறான். இந்த ஊர்ச் சந்தையில் வளர்ந்த நாய்க்கு வேறு என்ன தெரிந்திருக்கும்? வாசலில் ஷூ துடைக்கக் குனிகிறான். முற்றத்தில் ஊற்றக் குனிகிறான். இந்த வீட்டுக்கு வருகிறவர்களில் குனிகிற ஆள் அவன் ஒருவன்தான்.

ஆவியும் இல்லை, பூமித்தாயும் இல்லை. அவன் பொய்யன் என்பதும் இல்லை.

பிப்ரவரி 26, சனி

சொல்ல வேண்டுமா? நான் எதுக்குச் சொல்லணும்? என்கிட்ட யாராவது கேட்டாங்களா? அவங்களுக்குக் கண்ணு இல்லையா, அந்த ஆளு கண்ணாடி விக்கறவன்தானே, பாத்துத் தெரிஞ்சுக்கட்டுமே. நாய் குனியறதுக்குத்தான் பயப்படுதுன்னு சொன்னா நாளைக்கே அவன் நிமிர்ந்து நின்னு ஊத்துவான், காஸ்டா கையைத் தட்டுவா, கல்யாணம். அப்புறம் நான் யாரு இந்த வீட்டுல? மூலையில கிடக்கற கிழவி. ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கறப்ப நான் உள்ள போனா பேச்சை நிறுத்துவாங்க.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 8, செவ்வாய்

கார்னிவல் செவ்வாய். வீடு முழுக்கக் காகிதச் சுருள், பூவிதழ். தெருவெல்லாம் வெடி. நாலு மூலைக்கும் சிச்சா ஊற்றியாகிவிட்டது, அவன் மட்டும்தான் பாக்கி. புதுச் சட்டை. நெற்றியில் வியர்வை. பரீட்சைக்கு வந்த பள்ளிப் பையன் தோற்றான்.

"லொக்கோட்டோவைக் கட்டிப் போடட்டுமா?" என்றாள் ஜூல்மா.

"கட்டிட்டா எப்படித் தெரியும்?" என்று காஸ்டா அதட்டினாள்.

ஜூல்மா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுக்கா. நீ சொன்னா கட்டிடறேன்."

அந்த ஒரு நொடியில் எத்தனையோ சொல்லியிருக்கலாம். "கட்ட வேண்டாம். நாய்க்குத் தெரியும்" என்றேன்.

அவன் குனிந்தான். முன்னைவிட அதிகமாகக் குனிந்தான், மரியாதை காட்டுகிறானாம். லொக்கோட்டோ கையைக் கவ்விவிட்டது. சிச்சாவில் ரத்தம் கலந்தது. காஸ்டா சிலுவை போட்டுக்கொண்டாள். ஜூல்மா துடைப்பத்தைத் தூக்கினாள்.

"அடிக்காதீங்க ஜூல்மா, அதுமேல தப்பில்ல. என்கிட்டதான் ஏதோ ஆகல அதுக்கு" என்றான், கையைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறி.

நல்லவன் வேஷம். வேஷமாக இருந்தால் தேவலை.

மார்ச் 10, வியாழன்

வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இன்று சால்தேன்யாவில் உப்பே இல்லை. யாரும் குறை சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தின்றுவிட்டுப் போனார்கள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

மார்ச் 19, சனி

நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் ஜூல்மா நின்றதைக் கவனிக்கவில்லை.

"ஏன்க்கா உக்காந்து வைக்கற?"

"முட்டி வலி."

"முட்டி வலிக்கறவங்க உக்காரவா செய்வாங்க? எப்பவும் நின்னுக்கிட்டேதானே தட்டைக் காலால தள்ளுவ. இப்பக் கொஞ்ச நாளா கிளிப் விழுந்தாலும் உக்காந்துதான் எடுக்கற. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

தட்டை நாய்ப்பக்கம் நகர்த்தினேன். அவள் முற்றத்துக்கு இறங்கி வந்தாள். நாயையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். லொக்கோட்டோ தட்டை விட்டுத் துள்ளி ஓடிச் சுவரோரம் நின்று உறுமியது. அதை வளர்த்தவளைப் பார்த்து.

நிமிர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"எது?"

முப்பது வருடம் தட்டச்சு செய்த சொல். மாட்டிக்கொண்ட ஒவ்வொருவனும் முதலில் கேட்பது இதைத்தான். 'எது?'

"கார்னிவலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அவர் கையில தையல் போட்டிருக்குக்கா. லென்ஸைப் பிடிக்க முடியல இன்னும்." கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "இங்கயே வந்து இருக்கறேன்னுதானே சொன்னாரு. உன்னைத் தனியா விடமாட்டேன்னு முதல்லயே சொல்லிட்டேன்தானே. உனக்கு என்னதான் வேணும்?"

 நாய் தட்டுக்குத் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்றது.

மார்ச் 20, ஞாயிறு

பேசவில்லை.

மார்ச் 23, புதன்

பேசவில்லை. என் பங்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போகிறாள். கோபத்தில் பட்டினி போடுகிறவளாக இருந்தால் எதிர்த்துச் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஏப்ரல் 2, சனி

போய்விட்டாள். சகாபாவுக்கு. அவன் யாரிடமோ சின்ன லாரி வாங்கி வந்தான். கையில் இன்னும் கட்டு. கம்பிக்கதவருகே வந்ததும் வழக்கம்போலக் கைக்குட்டையை எடுத்தான். நின்றான். அப்படியே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான், அந்தப் புதுக் கால்சட்டையோடு. உட்கார்ந்தபடியே ஷூவைத் துடைத்தான். பார்க்கச் சகிக்கவில்லை. லொக்கோட்டோ போய் அவன் கட்டை முகர்ந்தது. முகர்ந்துவிட்டு மடியில் முகத்தை வைத்துக்கொண்டது.

மானம் கெட்ட நாய்.

லாரியில் அடுப்பு ஏறியது, மாவுப் பலகை ஏறியது, நாய் தானாகவே ஏறியது. "ஏதாவது வேணும்னா போன் பண்ணுங்கக்கா" என்றான் அவன். ஜூல்மா சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 9, சனி

காஸ்டாவிடம் விஷயத்தைச் சொன்னேன். குனிவதுதான் காரணம் என்று. "அப்ப பூமித்தாய் அவனைக் குனியாதேன்னுதான் சொல்லியிருக்கா" என்கிறாள். இவளைத் திருத்த முடியாது. ஆனால் இப்போது பேச்சுத்துணைக்கு வருகிறவள் இவள் ஒருத்திதான். காபி போட்டுக் கொடுத்தேன்.

மே 6, வெள்ளி

முதல் வெள்ளி. புகை போடவில்லை. முன்னறைக்கு முன்னால் இன்னமும் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். சால்தேன்யா இல்லை என்று எழுதி ஒட்ட வேண்டும்.

ஜூன் 5, ஞாயிறு

சாப்பிட வரச் சொல்லி ஜூல்மா போன் செய்திருந்தாள். மினிபஸ்ஸில் போனேன். சின்ன வீடு. சுவரெல்லாம் கண்ணாடிச் சட்டங்கள், எங்கே திரும்பினாலும் கண்ணில்லாத கண்ணாடிகள். அவன் ரசனை வேறு எப்படி இருக்கும்? லொக்கோட்டோ கொழுத்திருந்தது. என் கையை நக்கிவிட்டு அவன் நாற்காலியின் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

சிச்சா வந்தது. நின்றபடியே மண்ணுக்கு ஊற்றினான். பளபளப்பான இரண்டு ஷூவும் நனைந்தன. ஜூல்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனை காலமாகிறது. என்னை மேசையின் தலைப்பக்கம் உட்கார வைத்தார்கள். நல்ல தட்டு, பூப்போட்டது. பன்றி வறுவல், அவித்த சோளம். எனக்குத்தான் முதலில் பரிமாறினாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் போகும்போது வாக்கியங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். அவள் கரண்டியோடு என் பக்கம் வந்து நின்றாள்.

"இன்னொரு துண்டு வச்சுக்கறீங்களாக்கா?"

பேச்சு வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றே கூப்பிட்டவள். கோபமில்லை அவள் முகத்தில். வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்புதான் இருந்தது.

"போதும்மா, நல்லாருக்கு" என்றேன்.

ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.